மடத்துக்குள் வேலி

கனகலிங்கத்துக்கு ஊரில் ஒரு மனிதரையும் பிடிக்காது. அதை அவர் ஒளித்து வைத்ததும் கிடையாது. சந்திக் கடையில் பேப்பரை விரித்து வைத்து உலக நடப்புக்குத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு வாய்ப்பட்டறை என்று பேர் வைத்திருந்தார். கோயில் சபைக் கூட்டங்களுக்குத் தவறாமல் போவார். பொருளாளர் பதவிக்காக வேட்டி அவிழ்ந்ததும் தெரியாமல் பெரிய மனிதர்கள் பிடுங்குப்படுவதைக் கடைசி வரிசையில் இருந்து பார்த்துச் சிரிப்பதற்காக. "இந்தச் சனம் உருப்படாது" என்பது அவருக்கு வணக்கம் சொல்வது மாதிரி. யாரைக் கண்டாலும் அதில்தான் கதையைத் தொடங்குவார்.

பிறவியில் வந்த குணம் என்று சொல்ல முடியாது. எண்பத்துமூன்றில் கப்பலில் வந்த குணம். அதற்கு முன் கொழும்பில், பஞ்சிகாவத்தையில், சொந்தமாக ஒரு கடைச்சல் பட்டறை வைத்திருந்தார். லொறிக்காரர்கள் வாசலில் காத்துக் கிடந்த பட்டறை. ஆடிக் கலவரத்தில் அது ஒரு பகலுக்குள் கரியாகிப் போனது. அகதிமுகாமில் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது அவரிடம் மிஞ்சியிருந்தது உடுத்திருந்த சாரமும், சேட்டுப் பைக்குள் கிடந்த பட்டறைத் திறப்பும்தான். பூட்டும் இல்லை, கதவும் இல்லை, திறப்பு மட்டும் இருந்தது. அதை எறிந்துவிட அவருக்கு மனம் வரவில்லை.

வந்து இறங்கிய இடம் புத்தூரில் மனைவி மீனாம்பிகையின் சீதன வீடு. கொழும்பில் முதலாளியாக நின்றவர் இங்கே மாமரத்துக்குக் கீழே சாக்கை விரித்துக்கொண்டு, தோட்டக்காரரின் இறைப்பு மிசின்களைத் திருத்தினார். அந்த மாமரமும் சீதனத்தில் சேர்ந்ததுதான்.

"இஞ்சருங்கோ, வளவு என்ரை அம்மா தந்தது. உங்கடை கழிவு ஒயிலைக் குடிச்சு என்ரை மல்லிகை செத்துப்போச்சு. இனி முருங்கையும் சாகவேணுமோ?" என்று மீனாம்பிகை குசினிக்குள் இருந்து கேட்பாள்.

கனகலிங்கம் சாக்கை முருங்கைக்கு அப்பால் இழுத்துப் போடுவார். பதில் சொல்வதற்கு அவருக்கென்று ஒரு சாண் நிலம் இருந்தால் அல்லவா? காலையில் எழும்பிப் போவதற்குத் தனக்கென்று ஒரு பட்டறை. அந்த ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. சாப்பாட்டைப் பற்றியோ, சாவைப் பற்றியோ அவர் அவ்வளவு யோசித்ததில்லை. சுன்னாகத்தில் ஒருவர் கனடாவுக்குப் போவதற்காகத் தன் பழைய லேத் மிசினை விற்றபோது, மீனாம்பிகையின் பதக்கச் சங்கிலி போய் அந்த மிசின் வந்தது. சங்கிலியை அவளேதான் கழற்றிக் கொடுத்தாள். கொடுத்ததை வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வெளிக்கிடும்போது மறக்காமல் நினைவூட்டினாள்.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கிக் கொழும்புப் பாதை பூட்டப்பட்டது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சவுக்காரம் இல்லை, மின்சாரமும் இல்லை. சனம் கையில் அகப்பட்டதைக் கொண்டு சமாளிக்கப் பழகியது. சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாடியது. ஜாம் போத்தல் விளக்காகியது. இறைப்பு மிசினை இரண்டு சொட்டுப் பெற்றோலில் உதைத்து எழுப்பி, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டுவதற்கு ஒரு பித்தளை மூக்கு வேண்டியிருந்தது. அதைப் பிசகாமல் கடைந்து கொடுக்கக் கனகலிங்கத்தால் முடிந்தது. முடிந்து என்ன? லேத் மிசின் மாமரத்துக்குக் கீழே தறப்பாளால் மூடிக் கிடந்தது. கரண்டும் இல்லை, நல்ல தரையும் இல்லை, மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும் இல்லை.

அந்த நேரத்தில்தான் மடத்துக் கதை எழும்பியது.

புத்தூரில் இருந்து மீசாலைக்குப் போகிற வீதியில் அந்த மடம் இருந்தது. ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்யக் கீரிமலைக்கு நடந்து போகிற தென்மராட்சிச் சனம் தங்கிப் போவதற்காக, எந்தக் காலத்திலோ ஒரு புகையிலை வியாபாரி கட்டிவிட்டது. கல்தூண்கள் நிரையாக நின்ற ஒரே மண்டபம். கீழே கல் பாவிய தரை, மேலே பனந் தீராந்திகள் தாங்கிய ஓட்டுக் கூரை. பின்னால் அடுப்படியும் கிணறும். சுவர் கிடையாது, கதவு கிடையாது. வழிப்போக்கன் விரும்பிய இடத்தில் பாயை விரிக்கலாம். என் இடம் உன் இடம் என்று அதற்குள் ஒன்று இருக்கக் கூடாது என்று கட்டியவர் சொல்லிவைத்ததாகக் கதை. கீரிமலை ஆமிக்காரரின் பக்கமாகிப் போனபின் நடந்து போக ஆளில்லை. மடத்தில் ஆடுகள் படுத்தன.

ஆடுகள் படுத்த இடத்தைப் பஞ்சலிங்கத்தின் கண் பிடித்தது. பஞ்சலிங்கம் இளைப்பாறிய போஸ்மாஸ்டர். ஆயுள் முழுக்க அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்திய கை, பென்சன் எடுத்த பிறகும் குத்துவதற்கு எதையாவது தேடிக்கொண்டேயிருந்தது. கிராம முன்னேற்றச் சபையில் அவர் தலைவர். தபாற்கந்தோரில் வேலை செய்த காலத்தில் கண்ணாடித் துவாரத்துக்கு அப்பால் நிற்கிறவர்களை எப்படிப் பார்த்தாரோ, அப்படியே இப்போதும் எல்லோரையும் பார்த்தார். மடத்தை உள்ளூர்த் தொழில் ஆக்க மண்டபமாக்கி, புதிதாக எதையாவது செய்யத் தெரிந்தவர்களை ஒரு கூரைக்குக் கீழே கூட்டி வைத்து, ஊரைத் தலைநிமிர்த்தப் போவதாக அறிவித்தார்.

யோசனை நல்ல யோசனை. அதுதான் எரிச்சல். ஒரு நல்ல யோசனை இப்படியொரு ஆளின் வாயில் போய் விழுந்ததே என்று கனகலிங்கம் சந்திக் கடையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சொன்னாலும் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போனார்.

மூன்று கூட்டம் பேர் வைப்பதிலேயே போயிற்று. ஆக்கம் என்பதா, புத்தாக்கம் என்பதா என்று ஊரின் படித்த மூளைகள் மோதிக்கொண்டன. நாலாவது கூட்டத்தில் கனகலிங்கம் எழும்பினார்.

"போஸ்மாஸ்டர், பேர் கிடக்கட்டும். என்ரை மிசினை எந்தப் பக்கம் கொண்டுவந்து இறக்கிறது?"

"பொறுங்கோ கனகலிங்கம். ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கெல்லோ. முதலிலை திறப்பு விழா, பிறகுதான் மற்றதெல்லாம்."

திறப்பு விழாவும் நடந்தது. நிறைகுடம் வைத்தார்கள். குத்துவிளக்குக்கு எண்ணெய் கிடைக்காமல் இலுப்பெண்ணெய் ஊற்றி, அது புகைந்து பிரதம விருந்தினரை இரும வைத்தது. வெட்டுவதற்கு நாடா இல்லாமல் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் தலைநாடாவை அவிழ்த்துக் கட்டினார்கள். கதவே இல்லாத மண்டபத்தின் முன்னால் அந்தத் துண்டு நாடாவைக் கட்டி, மற்றப் பக்கங்களால் ஆடுகள் போய்வர, பஞ்சலிங்கம் அதைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்துவைத்தார். கனகலிங்கம் தூணில் சாய்ந்து நின்று சிரித்தார். பக்கத்தில் நின்ற ஒருவனும் சிரித்தான்.

அந்த ஒருவன் சிமியோன். மாதகல் கரையில் இருந்து இடம்பெயர்ந்து வந்த கத்தோலிக்க வேதக்காரன். கடலுக்குப் போக வழியில்லாமல் டைனமோவையும் தகரத்தையும் வைத்து விளக்கும் ரேடியோப் பெட்டியும் செய்துகொண்டிருந்தான். மண்டபத்தில் கனகலிங்கத்துக்குப் பக்கத்து இடம் அவனுக்கு. அவனுக்கு மற்றப் பக்கத்தில் சபையின் காரியாலயம், அதாவது பஞ்சலிங்கமும் ஒரு மேசையும். அடுப்படியை மயிலிட்டியில் இருந்து வந்த அருமைநாயகிக்குக் கொடுத்தார்கள். புருசனைக் கடலில் பறிகொடுத்த அவள் தேங்காயெண்ணெயிலும் இலுப்பெண்ணெயிலும் சவுக்காரம் காய்ச்சி, இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். மிச்ச இடங்களுக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை. ஒருவர் முருங்கை விதையில் கோப்பி கண்டுபிடித்தார். அதைக் குடித்துப் பார்த்த பிரதம விருந்தினர் பிறகு அந்த வீதியால் போகவில்லை.

கனகலிங்கம் மிசினை மாட்டுவண்டிலில் ஏற்றிக் கொண்டுவந்து கல்தரையில் இறக்கினார். கரண்டுக்குப் பதிலாக ஒரு சைக்கிள் சட்டத்தைப் பின்னால் பூட்டி, வார் போட்டு இழுக்கும் உபாயத்தைச் சிமியோன்தான் சொன்னான், பூட்டியும் கொடுத்தான். வேலை கொண்டுவருகிற தோட்டக்காரனே ஏறியிருந்து மிதிக்க வேண்டும். அதுதான் பட்டறைச் சட்டம். வெங்காயத் தோட்டக்காரர் வேர்க்க வேர்க்க மிதிக்க, பித்தளை சுருள் சுருளாக விழுந்தது. முதல் நாள் காலை கனகலிங்கம் தன் பழைய திறப்பைத் தூணில் ஒரு ஆணி அடித்துத் தொங்கவிட்டார். அன்றைக்கு அவருக்கு ஊரில் எல்லோரையும் கொஞ்சம் பிடித்திருந்தது.

அந்தப் பிடிப்பு அதிக காலம் நிற்கவில்லை. கிணற்றடியில் ஒரு நாள் இரண்டு வாளிகள் தொங்கின. வெண்கல வாளி ஊர்க்காரருக்கு, தகர வாளி இடம்பெயர்ந்து வந்த ஆட்களுக்கு. யார் உத்தரவு என்று யாரும் சொல்லவில்லை. கனகலிங்கம் அன்று முதல் தகர வாளியிலேயே அள்ளிக் குடித்தார். குடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி, "வெண்கல வாளியிலை போஸ்ராப்பீஸ் நாத்தம் அடிக்குது" என்று பஞ்சலிங்கத்துக்குக் கேட்கச் சொன்னார். அருமைநாயகி சவுக்காரச் சட்டிக்கு முன்னால் குனிந்திருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு வேலி வந்தது.

முதலில் போட்டவர் பஞ்சலிங்கம். காரியாலயத்தில் இரகசியமான அலுவல்கள் நடக்கிறதாம், அடுத்தவர் பார்க்கக் கூடாதாம். மண்டபத்துக்குள், கூரைக்குக் கீழே, தரைக்கல் நாலைந்தைக் கிளப்பி, பூவரசங் கதியால் நட்டு, கிடுகு கட்டி ஒரு வேலி. தனக்குத் தண்ணீர் தெளித்த ஆட்களை நம்பி ஒரு கதியால் துளிர்த்தும்விட்டது. வெளிச்சத்தைத் தேடி அதன் கொப்பு வீதிப் பக்கம் வளைந்து போனது. அதைப் பார்த்து முருங்கைக் கோப்பிக்காரரும் வேலி போட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் போட்டார். முன்னூறு வருடமோ என்னவோ, எத்தனையோ ஆயிரம் பேர் படுத்தெழும்பிய கற்களை ஆளுக்கு ஆள் பிடுங்கி வெளியே எறிந்தார்கள். ஆடுகள் அவற்றின் மேல் ஏறி நின்றன.

"உலகத்திலை எத்தினை சாதிச் சனம் இருக்கு" என்று கனகலிங்கம் தன்னிடம் மிதிக்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். "மடத்துக்குள்ளை வேலி போட்ட சனம் நாங்கள் மட்டும்தான். சுடலையிலை கொண்டுபோய் வைச்சாலும் பக்கத்துப் பிணத்தோடை எல்லைக்கு வழக்குப் பேசுவம்."

தன் பக்கத்துக்கு அவர் வேலி போடவில்லை. சுண்ணாம்பைக் கரைத்துத் தரையில் ஒரு கோடு இழுத்தார். மனிதருக்கு அவ்வளவு போதும் என்றார். சிமியோன் தகரம் வெட்டும் துண்டுகள் லேத்துக்குப் பறக்கும் என்பதற்காகக் கோட்டுக்குத் தன் பக்கத்தில் மெல்லிய ஒரு கிடுகு வேலி கட்டினான். கட்டுவதற்கு முன் வந்து கேட்டான். "உம்மடை விருப்பம்" என்று கனகலிங்கம் முகத்தைத் திருப்பினார். சிமியோன் நல்ல வேலைக்காரன் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவனும் வேலி போடுகிறவன்தானே என்று மனத்தில் ஒரு கோடு விழுந்தது.

யாழ்ப்பாணத்து வேலி ஒரு இடத்தில் நிற்காது. மாரிக்கு முன் கிடுகு மாற்றி அடைக்கும்போதெல்லாம் அது அடைக்கிறவனுக்கு வசதியான பக்கம் நகரும். மடத்துக்குள் மழையும் இல்லை, கறையானும் இல்லை. இருந்தாலும் பழக்கத்தை விடாமல் ஒவ்வொரு வருடமும் அடைத்தார்கள். ஒவ்வொரு அடைப்பிலும் பஞ்சலிங்கத்தின் காரியாலயம் கொழுத்தது. அவர் தள்ளத் தள்ளச் சிமியோனின் மேசை இந்தப் பக்கம் வந்தது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆவணியில் அடைத்து முடிந்தபோது கனகலிங்கத்தின் சுண்ணாம்புக் கோடு சிமியோனின் வேலிக்குக் கீழே போயிருந்தது. சைக்கிள் மிதிக்க ஏறிய தோட்டக்காரனின் முழங்கால் கிடுகில் இடித்தது.

"சிமியோன், உது என்ன வேலை?"

"அண்ணை, போஸ்மாஸ்டர் இந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளிப்போட்டார். என்ரை மேசை போக இடமில்லை. நான் அவரோடை கதைச்சனான், அவர் கேக்கிறாரில்லை. நாங்கள் வந்தாக்கள் அண்ணை, சத்தம் போட்டுக் கதைக்கேலுமோ? நீங்கள் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன்."

நியாயமான பேச்சு. அது கனகலிங்கத்துக்கும் விளங்கியது. ஆனால் பஞ்சலிங்கத்திடம் போய்க் கேட்பது என்றால் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கண்ணாடித் துவாரத்துக்கு முன்னால் நிற்பது போல நிற்க வேண்டும். போய் நின்றார். பஞ்சலிங்கம் விசாரணைக் குழு ஒன்றை நியமிப்பதாகச் சொன்னார். குழுவின் தலைவர் பஞ்சலிங்கம்.

கனகலிங்கம் திரும்பி வரும்போது உடம்பெல்லாம் எரிந்தது. நாலு வருடமாக இந்த மடத்தில் தன் கோட்டுக்குள் நின்ற ஒரே மனிதன் நான், என்னைத்தான் இவர்கள் பேயன் ஆக்குகிறார்கள் என்று நினைத்தார். எரிச்சல் போக வேண்டிய இடம் பஞ்சலிங்கத்தின் வேலி. ஆனால் அது கதியால் வேலி, துளிர்த்த வேலி, சபைத் தலைவரின் வேலி. சிமியோனின் வேலி மெல்லியது, வந்தவனின் வேலி. தன் கை அந்தப் பக்கம் போனதற்கு அதுதான் காரணம் என்று கனகலிங்கம் பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிமியோன் குடும்பத்தோடு அச்சுவேலிக் கோயிலுக்குப் பூசைக்குப் போய்விடுவான். மண்டபத்தில் ஒருவரும் இல்லை. அடுப்படியில் அருமைநாயகி மட்டும் சட்டி கிளறிக்கொண்டிருந்தாள். கனகலிங்கம் வீட்டில் இருந்து குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கைக் கொண்டுவந்தார். வேலிக் கம்புகளைப் பிடுங்குவது சின்ன வேலை. தன் ஒரு சாணை மீட்டுக் கோட்டின் மேல் கம்பை நட்டிருந்தால் அவரை யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது, இவ்வளவு நாளும் விட்டுக்கொடுத்ததற்கு இன்னும் ஒரு சாண் எடுத்தால் என்ன என்று தோன்றியது. சைக்கிளை நல்லாய்ப் பின்னுக்குத் தள்ளிப் போடலாம். சிமியோன் என்ன செய்வான்? சத்தம் போட்டுக் கதைக்க மாட்டான்.

அந்த இன்னொரு சாணில் ஒரு தூண் நின்றது. தூணின் காலோடு ஒட்டிக் கம்பை நட அங்கே கிடந்த கல்லைக் கிளப்ப வேண்டியிருந்தது. தூணுக்கு மற்றப் பக்கக் கற்களைப் பஞ்சலிங்கத்தின் ஆட்கள் முன்னமே பிடுங்கியிருந்தார்கள். தூணை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கல். ஆயுள் முழுக்க இரும்பைக் கடைந்தவருக்கு, எதை எது பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்க்கத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு அவர் பார்க்கவில்லை. அலவாங்கைச் செருகி மிண்டினார்.

கல் கிளம்பியது. தூண் கொஞ்சம் யோசித்தது. மேலே தீராந்தி முறிகிற சத்தம் கேட்டுக் கனகலிங்கம் அலவாங்கைப் போட்டுவிட்டு வீதிப் பக்கம் பாய்ந்தார். மண்டபத்தின் அரைவாசி ஓடும் மரமும் கல்லுமாக அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. தூசி அடங்கினபோது லேத் மிசின் இருந்த இடத்தில் ஒரு கற்குவியல் இருந்தது. திறப்புத் தொங்கிய தூணும் அதற்குள்ளேதான்.

அருமைநாயகி தலையில் கைவைத்தபடி ஓடிவந்தாள். வீதியால் போனவர்களும் ஓடிவந்தார்கள். பலாலி ஆமி முகாமில் இருந்து நாளும் பொழுதும் ஷெல் வந்துகொண்டிருந்த காலம்.

"அண்ணை! ஷெல்லோ? ஷெல்லோ அண்ணை விழுந்தது?"

கனகலிங்கம் அவளைப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். உருப்படாது என்று அவர் தினமும் சொன்ன முகங்கள், மடத்துக்குள் வேலி போட்ட முகங்கள்.

"ஓம்" என்றார்.

பஞ்சலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வெடித்த சத்தம் யாருக்காவது கேட்டதா என்று விசாரித்தார். யாருக்கும் கேட்கவில்லை. அப்படியென்றால் இது வெடிக்காத ஷெல், உள்ளே கிடக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தரமாக அவர் சொன்னதை எல்லோரும் உடனே கேட்டார்கள். மடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். "ஷெல் உண்டு. கிட்ட வராதீர்" என்று பலகையில் எழுதி, கீழே சபையின் முத்திரையையும் குத்தினார் பஞ்சலிங்கம்.

பூசை முடிந்து வந்த சிமியோன் கயிறு கட்டுவதற்கு முன்னமே உள்ளே போய், தன் சாமான்களில் மிஞ்சியதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். பிடுங்கிக் கிடந்த கம்புகளையும் குழியையும் அவன் கண்டிருக்க வேண்டும். கனகலிங்கத்தின் முன்னால் ஒரு கணம் நின்றான்.

"காயம் ஒண்டும் இல்லைத்தானே அண்ணை?"

"இல்லை."

அவ்வளவுதான். தலையை ஆட்டிவிட்டுச் சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு கனகலிங்கம் ஒவ்வொரு காலையும் எழும்பிக் கயிற்றடிக்குப் போனார். கற்களை இரண்டு பேர் நின்று ஒரு பகல் இழுத்தால் மிசினை எடுத்துவிடலாம். வார்ச்சில்லு நொருங்கியிருக்கும், உடல் தப்பியிருக்கும். ஆனால் கயிற்றைத் தாண்ட ஒருவரும் விடமாட்டார்கள். "விசரோ உங்களுக்கு? ஷெல் கிடக்கு!" என்று தோளில் பிடித்து இழுத்தார்கள். அவர் மேல் அவர்களுக்கு இரக்கம் வந்துவிட்டது. இளப்பமாகப் பேசிப் பேசியே காலத்தைத் தள்ளியவருக்கு அந்த இரக்கம் செருப்படி மாதிரி இருந்தது.

அருமைநாயகியின் அடுப்படியும் கயிற்றுக்குள்ளே போய்விட்டது. சவுக்காரம் இல்லை, வருமானமும் இல்லை. அவளும் கயிற்றடிக்கு வருவாள்.

"ஷெல்லை எடுக்க எப்ப வருவினமாம் அண்ணை?"

"வருவினம்."

"என்ரை பெரிய சட்டி உள்ளுக்கை. சின்னவன் பசி எண்டு அழுறான். வேறை ஒருத்தரிட்டையும் கேக்க ஏலாமல் உங்களிட்டைக் கேக்கிறன், கொஞ்சம் சொல்லிப் பாருங்கோ அண்ணை."

ஒரு வார்த்தை போதும். ஷெல் இல்லை, நான்தான் கல்லைக் கிளப்பினேன் என்று சொன்னால் அவளுக்குச் சட்டியும் இவருக்கு மிசினும் அன்றைக்கே கிடைக்கும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. வரும்போதே சந்திக் கடை கண்ணில் தெரிந்தது. கனகலிங்கமும் வேலி தள்ளினவராம் என்று வாய்ப்பட்டறைகள் சிரிக்கிற சிரிப்புக் காதில் கேட்டது. பிள்ளையின் பசியை விட அந்தச் சிரிப்புப் பெரிதாக இருந்தது. அப்படிப்பட்ட மனிதர் அவர். கொஞ்ச நாளில் அருமைநாயகி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வடமராட்சியில் யாரோ சொந்தக்காரரிடம் போய்விட்டாள்.

"என்ரை சங்கிலியல்லோ உங்கை கல்லுக்குக் கீழை கிடக்கு" என்றாள் மீனாம்பிகை. "நான் போய் எடுக்கிறன், விடுங்கோ."

"ஷெல் கிடக்கு" என்று கனகலிங்கம் அவள் கையைப் பிடித்தார்.

ஐப்பசியில் ஆமி முகாமை விட்டு வெளிக்கிட்டது. இந்தமுறை ஷெல்கள் வெடித்தன. அச்சுவேலி, புத்தூர் எல்லாம் ஒரேயடியாக எழும்பி மீசாலை வீதியில் இறங்கியது. மாட்டுவண்டிலில் இறைப்பு மிசினை ஏற்றிக்கொண்டு போனவர்களைக் கனகலிங்கம் பார்த்தார். மடத்தைக் கடக்கும்போது சனம் அந்தப் பலகைக்குப் பயந்து வீதியின் மறுகரையால் ஒதுங்கிப் போனது. தலைக்கு மேலால் ஷெல் கூவிக்கொண்டு போக, இல்லாத ஷெல்லுக்கு வழிவிட்டுப் போன அந்த நிரையில் கனகலிங்கமும் மீனாம்பிகையும் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு ஒதுங்கிப் போனார்கள்.

மீசாலையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இடம் கிடைத்தது. அங்கே பஞ்சலிங்கம் முன்னமே வந்து, இடம் பகிர ஒரு குழு அமைத்துவிட்டார். கையில் சோக்கட்டி. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தரையில் குனிந்து கோடு போட்டுக்கொண்டே போனார். கோடு போட்டு முடிவதற்குள் சனம் சீலைகளைக் கட்டி மறைத்தது. பெட்டிகள் மெல்ல மெல்ல நகர்ந்தன. கனகலிங்கம் சுவரோடு குந்தியிருந்து அதைப் பார்த்தார். வழக்கமான வார்த்தை வாய்க்கு வந்தது. வெளியே வரவில்லை.

மத்தியானம் பக்கத்துக் கோட்டுக்குள் ஒரு குடும்பம் வந்தது. சிமியோனும் பெண்சாதியும் பிள்ளைகளும். சைக்கிளில் இருந்து பாயை அவிழ்த்தான். பாயோடு கட்டியிருந்த நீளமான சாக்குச் சுருளையும் அவிழ்த்து, உள்ளே இருந்ததை எடுத்துக் கனகலிங்கத்தின் காலடியில் சத்தமில்லாமல் வைத்தான். அலவாங்கு. இடிபாட்டுக்குள் போய்விட்டது என்று அவர் நினைத்திருந்த அலவாங்கு.

"தூணடியிலை கிடந்தது அண்ணை" என்றான் மெதுவாக. "சனம் கண்டால் கதை வரும் எண்டு எடுத்து வைச்சனான்."

கனகலிங்கத்தால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் பாயை விரிப்பதை மட்டும் பார்த்தார். சோக்குக் கோட்டோடு ஒட்டி விரித்துவிட்டு, பிறகு கோட்டைப் பார்த்து யோசித்து, பாயைத் தன் பக்கம் இழுத்தான். கடைசிப் பிள்ளையின் கால் பாய்க்கு வெளியே சீமெந்தில் கிடந்தது.

"ஒரு சாண் விட்டிருக்கிறன் அண்ணை. உங்களுக்குத் தேவைப்படும்."

அவன் குரலில் கோபம் கிடையாது. கிழவனுக்கு வெற்றிலை கொடுக்கிற மாதிரிச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க எழும்பிப் போனான். கனகலிங்கம் அந்தத் தொனியை உடனே அடையாளம் கண்டுகொண்டார். பன்னிரண்டு வருடமாக ஊர் முழுவதையும் உருப்படாது என்று தள்ளிவைத்து அவர் பேசிய தொனி அது.

"நல்ல மனிசன்" என்றாள் மீனாம்பிகை. ட்ரங்குப் பெட்டியைத் தூக்கி அந்த ஒரு சாணுக்குள் வைத்து, அசையாமல் இருக்க அலவாங்கை அதற்கு முட்டுக் கொடுத்தாள்.